அம்மாவின் கோர்வைச் சேலை

சென்ற மாதம் அக்கா மகளின் திருமணத்திற்காக அலமாரியைத் திறந்து, அம்மாவின் மாம்பழ மஞ்சள் காஞ்சிப் பட்டையும், எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் பினாங்கிலுள்ள ஒரு கடையில் 1,200 மலேசிய வெள்ளி கொடுத்து வாங்கிய பட்டுச் சேலையையும் கட்டிலின்மேல் பக்கம் பக்கமாக விரித்து வைத்தேன். அம்மாவின் சேலை 1976-இல் அவருடைய திருமணத்திற்கு வந்தது. தாத்தா காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்வித்து, நாகப்பட்டினத்தில் ‘சிதம்பரம்’ என்ற பயணிகள் கப்பலில் ஏறி, பினாங்குத் துறைமுகம் வரும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை என்று அம்மா சொல்வார். ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் அந்தச் சேலையின் அரக்குக் கரை இன்னும் பளிச்சென்று இருக்கிறது. என் சேலையின் ஜரிகையோ கறுத்து, மடிப்புத் தடங்களில் பிசிர்விட்டுக் கிடக்கிறது.

காரணம் தேடி இரண்டையும் திருப்பிப் போட்டேன். சேலையின் உண்மை அதன் பின்புறத்தில்தான் இருக்கிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கிழை, ஓடும். ஆகவே குறுக்கிழையைக் கொண்டுசெல்லும் நாடாக்கள் மூன்று வேண்டும், தறியில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து நெய்ய, அருகில் இருக்கும் துணையாள் மறுகரையின் நாடாவைத் தள்ளிக்கொடுக்க, ஒவ்வொரு வரிசையிலும் கரையின் இழையும் உடலின் இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்புகின்றன. அந்தச் சேர்க்கை பின்புறத்தில் பல் பல்லாக விரலில் தட்டுப்படும். முன்புறத்தில் அரக்கு அரக்காகவும் மஞ்சள் மஞ்சளாகவும் கலங்காமல் நிற்கும். துணையாள் பெரும்பாலும் அந்த வீட்டைச் சேர்ந்தவராகவே இருப்பார். சேலையின் விலையைப் பற்றிப் பேசும்போது அவருடைய உழைப்பு நம்மில் பலருக்கு நினைவில் வருவதே இல்லை. என் சேலையில் அந்தத் தடம் இல்லை. உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடியிருந்ததால் கரையின் நிறம் மங்கலாகத் தெரிந்தது.

ஜரிகையும் அப்படித்தான். சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, அதற்குப் பொன் முலாம் பூசுவதே அசல் ஜரிகை. ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். என் சேலையில் வெள்ளை நூல் தெரிந்தது. ‘அசல் கைத்தறி’ என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். காஞ்சிப் பட்டுக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆயினும் வாங்குகிறவர் கேட்டுப் பார்க்காத இடத்தில் எந்தக் குறியீடும் நெசவாளரைக் காப்பாற்றாது.

கோலாலம்பூர் பேரங்காடிகளில் இப்போது விலையுயர்ந்த ஆடைகளின் சீட்டுகளில் சூழலுக்கு உகந்தது என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பட்டு மாசற்ற பொருள் என்று நான் வாதிட மாட்டேன். கூட்டுப்புழுக்களை வெந்நீரில் இட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள். இன்று பெரும்பாலும் இரசாயனச் சாயங்களே பயன்படுகின்றன. சாயக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம். அதைவிட முக்கியமாக, ஒரு சேலைக்காக மண்ணும் நீரும் உயிரும் தாங்கிய சுமை ஐம்பது ஆண்டுகளுக்கும் மூன்று தலைமுறைக்கும் பகிர்ந்துபோகிறது. எட்டே ஆண்டில் நைந்துபோன என் சேலைக்கு அந்த நியாயத்தைச் சொல்ல முடியாது. ஆடம்பரம் என்ற சொல்லை நான் ஏற்பதாக இருந்தால், இரண்டு பேருடைய பல நாள் உழைப்புக்கு முழுக்கூலி கொடுத்து, பழுது பார்த்துப் பழுது பார்த்து உடுத்தக்கூடிய துணிக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துவேன்.

பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மையாரை மரியாதையாக அழைக்கும் சொல்) இதைச் சொன்னபோது, அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தம் பாட்டியின் திரெங்கானு சொங்கேட்டை எடுத்து வந்து காட்டினார். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை நெம்பித் தூக்கி, இடையே பொன்னிழையைக் கையால் செலுத்தி நெய்யும் துணி அது. நெம்பி எடுப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்தே அதற்கு அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மலேசியச் சொங்கேட்டை யுனெஸ்கோ 2021-இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. நோன்புப் பெருநாளுக்கு உடுத்துகிறார். எங்கள் இருவர் வீட்டிலும் துணிக்கு ஒரே மரியாதைதான் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அம்மாவின் சேலையிலும் முந்தானையருகே ஒரு மடிப்பில் இரண்டு அங்குலம் இழை விட்டிருந்தது. பட்டர்வொர்த்தில் இழை ஓட்டித் தரும் ஒரு மூதாட்டியிடம் கொண்டு சென்றேன். மூன்று நாள் வைத்திருந்து சரிசெய்து தந்தார். நம் ஊரின் ஈரக்காற்று பட்டுக்கும் ஜரிகைக்கும் ஆகாது என்பதால், திருமணம் முடிந்ததும் நிழலில் ஆற்றி, பழைய மடிப்புக்கு மாற்றாக வேறு மடிப்பு மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, அந்துருண்டை வைக்காமல் வசம்பு முடிந்து வைத்திருக்கிறேன். இழை ஓட்டிய இடத்தில் மஞ்சள் சற்றே வேறுபட்டுத் தெரிகிறது. தோள் மடிப்பில் அதை மறைத்துவிடட்டுமா என்று மணநாளன்று மணப்பெண்ணுக்கு உடுத்திவிடும்போது கேட்டேன். வேண்டாம், தெரியட்டும் சித்தி என்றாள் அக்கா மகளின் தங்கை, தன் திருமணத்திற்கும் இதுதான் என்று சொல்லிக்கொண்டே.