‘போர்டு போயிடுச்சு’ என்றதும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்

ஓவனை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டை மாற்ற 11,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஆள், சோதித்துப் பார்க்கும் மல்டிமீட்டரைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. வீட்டில் எலெக்ட்ரிக் ஓவன் வைத்து கேக் ஆர்டர் எடுப்பவர்கள், அதிலும் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள், அவசியம் படியுங்கள்.

எனக்கு வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். 180-ல் வைத்தால் கேக் மேலே வெளுத்து, நடுவில் மாவாகவே நின்றது. ஓவனுக்குள் வைக்கும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுத்தட்டில் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியும் முள் 150-ஐத் தாண்டவில்லை. டிஸ்பிளே மட்டும் 180 என்று சாதித்தது. அப்புறம் பாதி பேக்கிங்கில் பிழைக் குறியீடு காட்டி அணைய ஆரம்பித்தது. கூட வந்த கையேட்டில் அந்தக் குறியீட்டுக்கு நேராக ‘வெப்ப சென்சார்’ என்றுதான் போட்டிருந்தது. போர்டு என்று எங்கும் இல்லை.

சர்வீஸ் சென்டர் புதுச்சேரியில். போனில் கேட்டபோது “பில் இருந்தா போதும், வாங்க” என்றார்கள். அரியாங்குப்பம் நெரிசலில் வெந்து போய்ச் சேர்ந்தால், கவுன்ட்டரில் இருந்த பெண், “பில்லுல சீரியல் நம்பர் இல்லைங்களே. கதவைத் திறந்தா ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துட்டு வாங்க” என்றார். போனில் வேறு மாதிரிச் சொன்னார்களே என்றேன். “யாரு பேசினாங்க?” என்று திருப்பிக் கேட்டார். பூட்டிக் கிடக்கும் வீட்டிலிருந்து யார் போட்டோ அனுப்புவது? வெறுங்கையோடு திரும்பினேன். நீங்கள் அந்த ஸ்டிக்கரை இப்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருவழியாக டெக்னீஷியன் வந்தார். பட்டன்களை அமுக்கிப் பார்த்தார், விசிறிச் சத்தம் கேட்டார், “போர்டு போயிடுச்சு மேடம்” என்றார். சென்சாரைப் பார்க்கவில்லையா என்றதற்கு, “பார்த்தாலே தெரியும் மேடம், அனுபவம்” என்று பதில். விசிட் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் சித்தப்பா சிப்காட் கம்பெனி ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “ஏம்மா, இது ஆர்.டி.டி.தானே? பிளான்ட்ல நாங்க மேய்ச்சதெல்லாம் பி.டி. நூறு. உன் ஓவன்ல பி.டி. ஆயிரமா இருக்கும். கணக்கு ஒண்ணுதான்.”

கணக்கு இதுதான். ஆர்.டி.டி. என்பது சூடு ஏற ஏற மின்தடை கூடும் சென்சார்; அந்தத் தடையை ஓம் கணக்கில் அளப்பார்கள். உள்ளே இருப்பது பிளாட்டினம், அதைத்தான் பி.டி. என்கிறார்கள். பி.டி. ஆயிரம் என்றால் 0 டிகிரியில் 1,000 ஓம், 100 டிகிரியில் சுமார் 1,385 ஓம். அதாவது ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 3.8 ஓம் கூடும். சில ஓவன்களில் 500 ஓம் வகையும் வரும். சூடு ஏற ஏற ஓம் குறையும் வகையும் உண்டு. அதனால் உங்கள் மாடலுக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, பின்தகட்டைக் கழற்றினோம். (மைக்ரோவேவ் சேர்ந்த ஓவன் என்றால் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.) போர்டிலிருந்து சென்சார் பிளக்கைக் கழற்றி, அந்த முனையில் மீட்டர் வைத்தால் 1,240 ஓம். அறை வெப்பம் 31 டிகிரி. 1,120 பக்கம் இருந்திருக்க வேண்டும். ஒயரைக் கொஞ்சம் அசைத்ததும் எண் தாவித் தாவி ஓடியது.

எனக்கானால் சென்சார்தான் போச்சு என்று தோன்றியது. சித்தப்பா விடவில்லை. சென்சாரைத் தனியாகக் கழற்றி, டம்ளர் நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, அதன் எஃகு நுனியை மட்டும் முக்கினார். எண் சரசரவென்று இறங்கி 1,003-ல் நின்றது. வெந்நீரில் வைத்தால் சீராக ஏறியது. சென்சார் சுத்தம்.

அப்படியானால் 120 ஓம் எங்கிருந்து வந்தது? சென்சாருக்கும் போர்டுக்கும் நடுவில் ஒயரை இணைக்கும் கனெக்டரிலிருந்து. பிரித்துப் பார்த்தால் பின்களில் பச்சைப் பசேலென்று களிம்பு. உப்புக் காற்றின் வேலை. அந்தக் கூடுதல் ஓமை போர்டு சூடாக எடுத்துக்கொண்டு, 30 டிகிரி முன்னாலேயே ஹீட்டரை நிறுத்தியிருக்கிறது. தொடர்பு அறவே விட்டுப் போகும்போது குறியீடு. பாவம் போர்டு, அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயர் நுனியைப் பளபளப்பாகச் சுரண்டி, கீசருக்குப் போடும் பீங்கான் கனெக்டரில் முடுக்கினோம். மேலே ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ். இன்சுலேஷன் டேப் அங்கே உருகிவிடும்; சாதாரண ஈயப் பற்றும் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும் என்பதால் அதையும் நம்ப வேண்டாம். எலெக்ட்ரிக்கல் கடையில் நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

இப்போது 180-ல் வைத்தால் முள் 175-க்கும் 185-க்கும் நடுவே ஆடுகிறது. அது இயல்புதான். நிறுத்தி வைத்திருந்த விவிக்கம் கேக் (புதுச்சேரிப் பக்கத்து கிறிஸ்துமஸ் கேக்) ஆர்டரைத் திரும்ப எடுத்திருக்கிறேன். விசிட் சார்ஜைத் திருப்பிக் கேட்டு எழுதினேன், பதில் இல்லை. அந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘போர்டு பழுது. வாடிக்கையாளர் மாற்றச் சம்மதிக்கவில்லை.’