குடை இருக்கிறதா?

நாளை அக்டோபர் 31, பிள்ளைகள் மாறுவேடம் போடும் ஹாலோவீன். கடையில் தொங்கும் வேட உடைகளெல்லாம் மெல்லிய துணி. டொராண்டோக் குளிருக்கு அதன்மேல் ஜாக்கெட்டை மாட்டினால் பேயும் தெரியாது, பூதமும் தெரியாது. ஆகவே ஜாக்கெட்டுக்கு மேல் போடும் அளவில் நானே தைக்கிறேன்.

சின்னவன் வௌவால். காற்றில் முறிந்த கறுப்புக் குடையின் துணியைக் கம்பியிலிருந்து பிரித்து நடுவே வெட்டினால் இரண்டு இறக்கை. விளிம்பின் வளைவுகூட அப்படியே அமைந்துவிடுகிறது. தோளிலும் மணிக்கட்டிலும் ஊக்கு குத்தினால் போதும்.

பெரியவள் நேற்றுவரை சூனியக்காரி. இன்று காலை, வாயில் இட்லியோடு, ஜெல்லிமீன் என்கிறாள்! அடுப்பில் பருப்பு பொங்குகிறது. ஊசியில் நூல் கோத்துத் தருவதாக உட்கார்ந்தவர் இன்னும் கோத்துக்கொண்டிருக்கிறார். ஸ்கார்பரோ பக்கம் யாரிடமாவது உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குடை இருந்தால் சொல்லுங்கள், இரவே வந்து வாங்கிக்கொள்கிறேன். குடை விளிம்பில் ஜெல்லிமீனின் கைகளாகத் தொங்கவிட ரிப்பன் என்னிடம் இருக்கிறது.