திருப்பூரில் பழசு, ஈரோட்டில் புதுசு

போன வாரம் திருப்பூரில் தெரிந்த அண்ணன் ஒருவரின் பனியன் கம்பெனி வெப்சைட்டை வேறு சர்வருக்கு மாற்றிக் கொடுத்தேன். மதியம் டொமைனுக்கு, அதாவது சைட்டின் பெயருக்கு, உரிய ஐபி முகவரியை (சர்வரின் எண்ணை) மாற்றிவிட்டு டீ குடிக்க இறங்கினால் போன் வருகிறது. "ஏனுங் தம்பி, எனக்குப் பழசே வருதுங், ஈரோட்டுல மச்சானுக்குப் புதுசு வருதாமா, எதுங் நெசம்?"

இரண்டும் நிஜம்தான். டொமைன் மாற்றம் பரவ 48 மணி நேரம் ஆகும் என்று சொல்லிப் பழகிவிட்டோம், எனக்கு அந்தப் 'பரவ' என்ற சொல்லே தப்பாகப் படுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் மெல்ல மெல்லக் கடைமடைக்குப் போய்ச் சேருமே, அப்படி இங்கே எதுவும் ஓடுவதில்லை. டொமைனின் சொந்த நேம் சர்வரில் (பெயரைக் கேட்டால் ஐபியைச் சொல்லும் சர்வர்) மாற்றம் சீக்கிரமே ஏறிவிடும், ஆனால் அது ஊர் ஊராகச் சொல்லி அனுப்பாது, கேட்டால்தான் சொல்லும். நமக்காக அதைப் போய்க் கேட்கிற பிராட்பேண்ட் கம்பெனியின் ரிசால்வர், ஒரு தடவை கேட்டு வாங்கிய பதிலை டிடிஎல் (பதிலை வைத்திருக்கலாம் என்று குறித்த நேரம்) முடியும்வரை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுக்கும். இந்த டொமைனுக்கு டிடிஎல் 86400 நொடி, முழுசாக ஒரு நாள். அண்ணன் ஆபீஸில் காலை பத்து மணிக்கே சைட்டைத் திறந்திருக்கிறார்கள், அதனால் அவர்களுக்கு மறுநாள் பத்து மணிவரை பழசுதான். மச்சான் பக்கத்து ரிசால்வரிடம் அதற்கு முந்தின ஒரு நாளாக யாரும் கேட்கவில்லை, கேட்டதும் புதுசு கிடைத்தது. தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த 48 மணி நேரத்துக்கும் ஒரு காரணம் உண்டு. நேம் சர்வரையே மாற்றினால், எந்த நேம் சர்வரைக் கேட்பது என்று டாட் காம் சர்வர்கள் கொடுக்கும் குறிப்பின் டிடிஎல் 172800 நொடி, சரியாக இரண்டு நாள். ஐபி மட்டும் மாறும்போது அந்தக் கணக்கைச் சொல்லி வாடிக்கையாளரைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

தப்பு என்னுடையது. முந்தின நாளே டிடிஎல்லை 300 ஆகக் குறைத்திருக்க வேண்டும். மாற்றுகிற நேரத்தில் குறைத்துப் பிரயோஜனமில்லை, பழைய பதிலோடு பழைய டிடிஎல்லும் சேர்ந்தே போயிருக்கும். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்ற பொது ரிசால்வர்கள் இரண்டுக்கும் வைத்திருக்கும் பதிலை அழிக்கச் சொல்லத் தனிப் பக்கமே இருக்கிறது, மற்ற பல கம்பெனிகளிடம் காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் ஒன்று, பழைய பதிலை வைத்திருப்பவர்கள் இன்னும் அங்கேதான் வருவார்கள், அதனால் பழைய சர்வரை உடனே அணைத்துவிடாதீர்கள். அண்ணனுக்கு வெப்சைட்டைவிட வெளிநாட்டு பையர் மெயில்தான் கவலை. மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தொடவேயில்லை, மெயில் வழக்கம்போல வரும் என்றதும்தான் அவருக்கு நிம்மதி. மறுநாள் பத்தரைக்குக் கூப்பிட்டார்: "வந்துருச்சுங் தம்பி."