மறைப்பு வேலி: காசு எங்கே போகிறது

வேலி போடப் போகிறோம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "என்ன பலகை போடறீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தூண் என்ன கனம், குழி எவ்வளவு ஆழம் என்று ஒருவரும் கேட்க மாட்டார். எங்களுக்கு வந்த கொட்டேஷன்களும் அதே லட்சணம்தான். பலகையின் நிறம், டிசைன், உத்தரவாதம் எல்லாம் விலாவாரியாக இருந்தன. தூணுக்கு மட்டும் ஒரே வரி: "தேவையான தூண்கள் உட்பட." விலையில் இருந்த பெரிய வித்தியாசமெல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் ஒளிந்திருந்தது.

எங்களுக்கு வேண்டியிருந்தது 96 அடி நீளம். எட்டு அடிக்கு ஒரு தூண் என்று வைத்தால் 12 பேனல், 13 தூண். இதுவரை தகராறு இல்லை. உயரத்தில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. நான் 6 அடி என்றேன். அம்மா 8 அடி கேட்டார். அவர் சொன்ன காரணம் நியாயமானது: பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் கொல்லைப்புறம் முழுக்கத் தெரியும்.

ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். ஜன்னலில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 15 அடி உயரத்தில், வேலியிலிருந்து 20 அடி தள்ளி இருக்கிறது. அந்தப் பார்வை 6 அடி வேலியின் உச்சியைத் தொட்டுக்கொண்டு இறங்கினால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்துக்கு, அதாவது 4 அடிக்கு, வர வேலியைத் தாண்டி நாலரை அடிதான் ஆகிறது. வேலியை ஒட்டி உட்கார்ந்தால்தான் மறைவு. 8 அடியாக்கினால் அது பதினோரு அடியாகிறது. கூடுதல்தான். ஆனாலும் கொல்லை முழுவதும் மறையாது.

அந்த இரண்டு அடிக்கு என்ன விலை என்பதையும் பார்க்க வேண்டும். பலகை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். காற்று அப்படிக் கணக்குப் பார்க்காது. இடைவெளியே இல்லாத வேலி என்பது நட்டுவைத்த பாய்மரம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால், எட்டடிக்கு ஆறடி பேனல் ஒன்றின் மேல் ஏறக்குறைய 200 கிலோ எடை சாய்ந்த மாதிரி. வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். இரட்டித்தால் நான்கு மடங்கு. உயரம் கூடும்போது காற்று பிடிக்கும் பரப்பும் கூடுகிறது, நெம்புகோலின் நீளமும் கூடுகிறது. அதனால் ஆறை எட்டாக்கினால் தூணின் அடியில் விழும் வளைவு விசை ஏறக்குறைய 80 சதவீதம் ஏறிவிடும். தூண், குழி, கான்கிரீட் எல்லாமே அதற்கேற்ற மாதிரி பெரிதாக வேண்டும்.

கடைசியில் 6 அடியே முடிவானது. அம்மா சாயங்காலம் உட்காரும் திண்ணைக்குப் பக்கத்தில் மட்டும் தனியாக ஒரு கொடிப்பந்தல். கண்ணுக்குக் கிட்டே இருக்கும் சின்ன மறைப்பு, தூரத்தில் இருக்கும் பெரிய மறைப்பைவிட அதிகம் மறைக்கும். செலவும் குறைவு.

இப்போது தூண். வழக்கமாகக் கிடைப்பது இரண்டு அங்குலச் சதுரக் குழாய், 2 மில்லி கனம். நான் சொன்ன அந்தக் காற்றில் அது தரை மட்டத்தில் மடங்கிவிடும். இரண்டரை அங்குலம், 3 மில்லி என்றால் தாங்கும். பார்க்கும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இரும்பு எடைக்குத்தான் விலை. மீட்டருக்கு 3 கிலோ இருந்த இடத்தில் ஐந்தரைக்கு மேல் வரும், எனவே தூண் செலவும் இரட்டிப்பை நெருங்கும். "தூண்கள் உட்பட" என்ற வரியில் எந்தக் குழாய் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். மில்லிக் கணக்கைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள்.

குழியிலும் இதே கதைதான். மேலே எவ்வளவு உயரமோ அதில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போக வேண்டும் என்பார்கள். காற்று வாங்கும் அடைப்பு வேலிக்கும் இளகின மண்ணுக்கும் நான் பாதியே சொல்வேன். தரை உறையும் குளிர்ப் பிரதேசங்களில் உறைமட்டத்துக்கும் கீழே போகாவிட்டால், உறையும் ஈரம் தூணைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும்.

"ரெண்டடி போதும்க்கா, எல்லா இடத்துலயும் அப்படித்தான் போடறோம்" என்றார் மேஸ்திரி.

"மூணடியே தோண்டிடுங்கண்ணே. கூலியைத் தனியா சேர்த்துக்கலாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடியில் சரளை கண்டதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பத்து அங்குல அகலம், மூன்றடி ஆழம், அடியில் நாலு அங்குலம் ஜல்லி. அதற்கு மேல் குழி ஒன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை கன அடி கான்கிரீட் பிடிக்கும். 13 குழிக்கும் சேர்த்தால் எடை ஒரு டன்னைத் தாண்டுகிறது. யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் போன இந்தச் சாமானும் தூணும் தோண்டிய கூலியும் எங்கள் பில்லில் பாதியை நெருங்கின. கான்கிரீட்டின் மேல்பக்கத்தை மண் மட்டத்துக்கு மேல் ஓர் அங்குலம் உயர்த்தி, தூணிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துப் பூசச் சொன்னேன். இரும்புத் தூண் துருப்பிடிப்பதும் மரத்தூண் மக்குவதும் அந்த மட்டத்தில்தான். ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. குழாயின் தலைக்கு மூடி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கும். துத்தநாகம் பூசிய குழாயில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோகும். துத்தநாகப் பெயிண்டை அங்கே மறுபடி அடிக்க வேண்டும். இதை வெல்டருக்கு நினைவுபடுத்துவது வீட்டுக்காரர் வேலை.

சரி, பலகைக்கு வருவோம்.

நாங்கள் எடுத்தது மக்காமல் இருக்க மருந்தேற்றிய பைன் மரம். மரம் என்றாலே பராமரிப்பு என்று பயமுறுத்துவார்கள். பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக வரும் பலகையில் ஈரம் இருக்கும். காயக் காய அகலத்தில் சுருங்கும். ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக அடித்தால், சில மாதத்தில் ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். மறைப்புக்காகப் போட்ட வேலியில் அது எரிச்சல். அதனால் முன்னும் பின்னுமாக, ஒன்றின் விளிம்பை இன்னொன்று ஓர் அங்குலம் மூடும்படி அடித்தோம். பலகை கூடுதலாகச் செலவாகும். ஆனால் சுருங்கினாலும் நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது. இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்றும் போய்வரும்.

மருந்தில் செம்பு இருக்கிறது. சாதாரண இரும்பு ஆணியை அது அரித்துவிடும். சூடாக உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த திருகாணி, இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வேறு எதுவும் வேண்டாம். ஆணியில் மிச்சம் பிடிப்பது போல அசட்டுத்தனம் வேலி வேலையில் வேறில்லை. இரும்புத் தூணுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தோம், அதே காரணம்தான். அறுத்த முனைகளில் மருந்து ஏறாத உள்மரம் வெளியே தெரியும். அங்கெல்லாம் மருந்தைத் தூரிகையால் தொட்டுவைக்க வேண்டும். பலகையின் அடி மண்ணைத் தொடக் கூடாது, இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். மிச்சத் துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள், புகை நல்லதல்ல.

பிவிசி வேலியும் பார்த்தோம். பெயிண்ட் வேண்டாம், கரையான் வராது, தண்ணீர் அடித்தால் சுத்தம். ஆனால் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். எட்டடிப் பலகை 40 டிகிரி வித்தியாசத்தில் ஐந்தாறு மில்லி நகரும். தூணின் பள்ளத்தில் அதற்கு இடம் விட்டு மாட்ட வேண்டும். முடுக்கித் திருகினால் வளைந்து வயிறு தள்ளும். கடுங்குளிரில் நொறுங்கும் தன்மையும் வரும்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகை கடையில் அழகாக இருக்கிறது. கனமும் அதிகம், விலையும் அதிகம். கனம் இருந்தும் மரத்தின் விறைப்பு அதில் இல்லை, நடுவே தாங்கல் நெருக்கமாகக் கொடுக்காவிட்டால் தொய்ந்துவிடும். வெயில் பட்டதும் ஆரம்ப மாதங்களில் நிறம் ஒரு சுற்று வெளுக்கும், அதையும் கணக்கில் வைத்து நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நிறம் பூசிய தகரம் சீக்கிரம் முடியும் வேலை. அறுத்த விளிம்பில் துரு தொடங்கும். மழை பெய்தால் சத்தம். மூங்கில் தட்டி எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் மாவுச்சத்து இருப்பதால் துளைப்பான் வண்டு விடாது. போரிக் மருந்தில் ஊறவைத்தது கிடைத்தால் எடுக்கலாம். கம்பி வலையும் கொடியும்தான் எல்லாவற்றிலும் மலிவு. கொடி நிறைய வளரும்வரை காத்திருக்கத் தெரிய வேண்டும். அடர்ந்த கொடியும் காற்றைப் பிடிக்கும் என்பதால், அங்கேயும் தூணில் கஞ்சத்தனம் கூடாது. யாரும் எட்டிப் பார்க்காத பின்பக்கத்துக்கு நாங்கள் வைத்தது அதுதான். 96 அடியில் மரம் ஏறியது 64 அடிக்கு மட்டுமே. பலகைச் செலவு குறைந்தது இப்படித்தான், மட்டமான பலகை வாங்கி அல்ல.

குழி தோண்டுவதற்கு முன்னால் எல்லையை அளந்து, பக்கத்து வீட்டு அண்ணனைக் கூட வைத்துக்கொண்டு நூல் கட்டினோம். நிலத்தடியில் குழாயோ கேபிளோ போகிறதா என்று கேட்டுக்கொண்டோம். உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ வேலி உயரத்துக்கு வரம்பு வைத்திருக்கலாம், அதையும் விசாரித்துவிடுங்கள். முன்னும் பின்னுமாக அடித்த பலகை என்பதால் இரண்டு வீட்டுக்கும் ஒரே முகம். "மரச்சட்டம் தெரியற பக்கம் எங்களுக்கா, உங்களுக்கா?" என்ற பேச்சே வரவில்லை.

கதவை மட்டும் எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அது தொங்கும் தூணுக்கு மற்றவற்றைவிட ஒரு சுற்றுப் பெரிய குழாய் வேண்டும், ஏனென்றால் எடை ஒரே பக்கமாக நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கும். மரக்கதவில் குறுக்குச் சட்டம் கீழ்க் கீலிலிருந்து எதிர்ப்பக்க மேல்மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் மூலையின் எடை சட்டத்தை அழுத்திக் கீல் தூணுக்குப் போகும். மாற்றி வைத்தால் இணைப்பு இழுபட்டுப் பிரியும், கதவு தரையில் உரச ஆரம்பிக்கும். எங்கள் தச்சர் சொல்லாமலே சரியாக வைத்தார். அவருடைய கூலி மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், பேரம் பேசாமல் கொடுத்தேன்.