ஸ்லைடு இருக்கட்டும், ஓரக்குறிப்பைக் கொடுங்கள்

மாணவர்களுக்குத் தேடக் கற்றுக்கொடுக்கும் கல்லூரி நூலகர்கள் எல்லோரிடமும் ஒரே ஸ்லைடு இருக்கிறது. இரண்டு வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். நிறமடித்த நடுப்பகுதிக்கு ‘ஆண்ட்’ என்று பெயர்: தேடும் இரண்டு சொல்லும் சேர்ந்து வரும் முடிவுகள் மட்டும். இதை ஆளாளுக்குத் தனியாக உட்கார்ந்து வரைந்திருக்கிறோம். புதிய மாணவர்கள் வரும் பருவத்தில், யாரோ எப்போதோ முடித்துவிட்ட வேலையை இத்தனை பேர் மறுபடி செய்வதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் நான்காம் விதி. நூலகரின் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்வது என் வழக்கம்.

பகிர்வதற்கு இடம் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கமான ஏ.சி.ஆர்.எல்., 2000-இல் வெளியிட்ட தகவல் எழுத்தறிவுத் தரநிலைகளை (தகவலைத் தேடி, எடைபோட்டு, பயன்படுத்தும் திறனுக்கானவை) 2016-இல் கைவிட்டு, ஆறு கருத்துகள் கொண்ட புதிய சட்டகத்துக்கு மாறியது. பழைய தரநிலைகளில் மாணவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக இருந்தது. அதைப் பார்த்தே பாடம் எழுதிவிடலாம். புதியதில் ‘அறிவாதிகாரம் சூழலைப் பொறுத்தது’ என்பது மாதிரியான கருத்துகள். ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காத வகுப்பில் இதை எப்படி நடத்துவது என்ற கேள்வி வந்ததும்தான் அடுத்தவர் பாடத்தின் அருமை பலருக்கும் தெரிந்தது. அப்படிப் பாடங்களைப் பகிர அந்தச் சங்கமே சாண்ட்பாக்ஸ் என்றொரு களஞ்சியம் வைத்திருக்கிறது. ஆய்வுப் பயிற்சிகளுக்கென்றே கோரா (CORA) என்ற இன்னொன்றும் உண்டு.

இப்படிப்பட்ட இடங்களில் நான் நிறைய மேய்ந்திருக்கிறேன். அழகான ஸ்லைடுகளை இறக்கி வைத்துவிட்டுத் திறக்காமலே விட்டதும் உண்டு. கடைசியில் வகுப்புக்குள் எடுத்துப்போனவை எல்லாம் பார்க்கச் சுமாரானவை. ஆனால் அவற்றை நடத்தியவர் பக்கத்தின் ஓரத்தில் ஏதாவது எழுதியிருப்பார்.

என் வகுப்பில் அதிகம் புழங்கும் பயிற்சித்தாள் ஒரே பக்கம்தான். மேலே ஒரு கேள்வி: கைபேசிப் பழக்கம் கல்லூரி மாணவர்களின் தூக்கத்தைப் பாதிக்கிறதா? கீழே நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்). ஒவ்வொன்றின் தலையிலும் கேள்வியில் உள்ள ஒரு கருத்தை எழுத வேண்டும். அதற்குக் கீழே, அதே கருத்தைக் குறிக்கும் வேறு சொற்கள். கைபேசிக்குக் கீழே ஸ்மார்ட்போன், செல்போன். தூக்கத்துக்குக் கீழே உறக்கம், தூக்கமின்மை. பத்திக்குள் இருப்பதை ‘ஆர்’ (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டும், பத்திகளை ‘ஆண்ட்’ போட்டும் சேர்த்தால் தேடல் வரி தயார். இது எந்த நூலகரும் அரைமணியில் செய்துவிடக்கூடிய தாள். எழுதியவர் ஓரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்த குறிப்புதான் விஷயம்: நான்காவது பத்தியில் பெரும்பாலோர் ‘பாதிப்பு’ என்று எழுதுவார்கள், தடுக்காதீர்கள், அப்படியே தேடவிட்டு, பிறகு அதை மட்டும் அழித்துவிட்டுத் தேடச் சொல்லுங்கள்.

அப்படியே நடந்தது. ‘பாதிப்பு’ போனதும் முடிவுகளின் எண்ணிக்கை எகிற, பின்வரிசையிலிருந்து “எப்படி சார் கூடுச்சு?” என்று ஒரு குரல். கட்டுரை எழுதியவர் ‘தொடர்பு’ என்று எழுதியிருக்கலாம், ‘உறங்கும் நேரம் குறைந்தது’ என்றும் எழுதியிருக்கலாம். ‘பாதிப்பு’ இருந்தே ஆக வேண்டும் என்று நாம் அடம்பிடித்தால் அதெல்லாம் வெளியே நின்றுவிடும். இதை நான் பத்து நிமிடம் பேசியிருந்தாலும் அந்தப் பையன் காதில் விழுந்திருக்காது. செவிலியர் மாணவிகளுக்கு அதே தாளில் கேள்வியை மட்டும் மாற்றி, கைகழுவுதலும் மருத்துவமனைத் தொற்றும் என்று வைத்தேன். அங்கேயும் நான்காவது பத்தியில் அதே சொல்.

கேள்வியை மாற்ற முடிந்ததற்குக் காரணம் அது வேர்டு கோப்பாக இருந்தது. பிடிஎஃப் ஆக மட்டும் கொடுப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. சுவரில் ஆணியடித்த படம் மாதிரி, பார்க்கலாம், கழற்ற முடியாது. உரிமத்திலும் இதே சிக்கல். பிறர் எடுத்துப் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் சின்னம் இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ‘என்டி’ என்ற இரண்டு எழுத்து ஒட்டியிருந்தால், மாற்றியமைத்த பாடத்தை வேறு யாருக்கும் பகிர முடியாது. அடுத்த கல்லூரிக்காரர் கேட்டாலும் கையை விரிக்க வேண்டியதுதான். பாடப் பொருளுக்கு ‘சிசி பை’ போதும் என்பது என் கட்சி: பெயரைச் சொல், மாற்றியிருந்தால் மாற்றினேன் என்று சொல், எடுத்துக்கொள். உள்ளே ஒட்டிய படங்களுக்கும் டேட்டாபேஸ் ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கும் அந்த உரிமம் தானாக வந்துவிடாது. அவை வேறு யாருடைய சொத்தோ.

ஸ்கிரீன்ஷாட் என்றதும் இன்னொன்று. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைத் தனிக் கோப்பில் வையுங்கள். டேட்டாபேஸ் நிறுவனம் முகப்பை மாற்றினால் அந்தக் கோப்பு மட்டும் போகும், சிந்திக்க வைக்கும் பகுதி பிழைத்துக்கொள்ளும்.

பிழைக்கக் கூடாததும் சில சமயம் பிழைத்துவிடுகிறது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ 2004-இல் எழுதிய, ஒரு தளத்தை நம்பலாமா என்று பார்க்கும் ‘கிராப்’ சோதனை எத்தனையோ நூலகங்களின் பக்கங்களில் இருக்கிறது. பல இடங்களில் அவர் பெயர் இல்லை. தளம் புதியதா, எழுதியவர் யார், நோக்கம் என்ன என்று அந்தப் பக்கத்தையே உற்றுப்பார்க்கச் சொல்லும் பட்டியல் அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைன்பர்க்கும் மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சரிபார்ப்பாளர்கள் தளத்தை விட்டுச் சட்டென்று வெளியேறி, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு தாவல்களில் தேடினார்கள். வேகத்திலும் சரியான முடிவிலும் அவர்களே முந்தினார்கள். இந்த வழியைத்தான் அமெரிக்கக் கல்வியாளர் மைக் கால்ஃபீல்டு வகுப்புக்கேற்பச் சுருக்கினார். 2017-இல் அவர் வெளியிட்ட பாடநூல் திறந்த உரிமத்தில் வந்தது. ஆனாலும் பழைய பட்டியலின் நகல்கள் அங்கங்கே அப்படியே கிடக்கின்றன. நகலெடுத்தவருக்குத் திருத்தம் போய்ச் சேர வழியே இல்லை. அதனால் நான் பகிரும் ஒவ்வொரு தாளின் அடியிலும் கடைசியாக வகுப்பில் நடத்திய மாதத்தையும் ஆண்டையும் போடுகிறேன்.

விடைகளை என்ன செய்வது என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இப்போது ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன்: ஐந்து மேற்கோள் குறிப்புகள், அவற்றில் இரண்டு சாட்ஜிபிடி இட்டுக்கட்டியவை, எவை என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் பெயர் நிஜம், இதழ் நிஜம், அந்தத் தொகுதியில் அப்படி ஒரு கட்டுரை மட்டும் கிடையாது. விடையோடு பொதுவெளியில் ஏற்றினால் மாணவர்கள் முதலில் அதைத்தான் கண்டுபிடிப்பார்கள் (அதுவும் தேடல் திறன்தான், மதிப்பெண் போடலாமா என்று யோசித்ததுண்டு). விடையில்லாமல் ஏற்றினால், எடுத்து நடத்துகிற நூலகர் ஐந்தையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். இப்போதைக்குத் தாளும் ஓரக்குறிப்பும் பொதுவில். விடை, நூலகர் என்று சொல்லிக் கேட்பவர்களுக்கு மின்னஞ்சலில். கேட்கும்போது உங்கள் மாணவர்கள் எந்தக் குறிப்பில் தடுக்கினார்கள் என்றும் எழுதிவிடுங்கள், அடுத்த பதிப்பில் உங்கள் பெயரோடு சேர்க்கிறேன்.