ஆவரசம்பூ பன்னா கொட்டா

பன்னா கொட்டா என்றால் இத்தாலிய மொழியில் 'காய்ச்சிய கிரீம்'. முட்டையும் வேண்டாம், போறணையும் வேண்டாம். தொல்லை ஜெலட்டினால்தான். 30 பாகையைத் தாண்டினால் அது இளகத் தொடங்கும். திருகோணமலையில் கச்சான் என்ற வெப்பக்காற்று வீசும் நாளில் மேசைக்கு வந்த கையோடு சரிந்துவிடும். வழக்கமாக அரை லீற்றருக்கு 5 கிராம் போதும். இங்கே 7 கிராம் போடுங்கள்.

ஆறு சிறு கிண்ணத்துக்கு: பால் 250 மில்லி, விப்பிங் கிரீம் 250 மில்லி, சீனி 60 கிராம், காய்ந்த ஆவரசம்பூ 8 கிராம்.

ஜெலட்டினை 35 மில்லி குளிர்ந்த நீரில் தூவி 10 நிமிடம் ஊறவிடுங்கள். சுடுநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் பசையாகி, உள்ளே கட்டி கரையாமலே கிடக்கும்.

பாலைக் கொதிக்க விடவேண்டாம். பாத்திர ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் அடுப்பை அணைத்து, பூவைப் போட்டு 15 நிமிடம் மூடி வையுங்கள். தேத்தண்ணிக்குப்போல் பூவைக் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறும். பிறகு எவ்வளவு சீனி போட்டும் பயனில்லை. துணியில் வடித்து லேசாக மட்டும் பிழியுங்கள். காய்ந்த பூ பாலைக் குடித்துவிடும், அதனால் திரும்ப அளந்து 250 மில்லிக்கு நிரப்புங்கள். பலர் தவறவிடும் இடம் இது. பால் குறைந்தால் இறுகிப்போய் ரப்பராகும்.

சீனியைச் சேர்த்துச் சூடாக்கி இறக்கி, ஜெலட்டினைக் கரைத்து, கிரீமை ஊற்றுங்கள். உடனே கிண்ணத்தில் வார்த்தால் கொழுப்பு மேலேயும் ஜெலி கீழேயுமாக இரண்டு படையாகும். ஐஸ் நீரில் பாத்திரத்தை வைத்து, கரண்டியில் ஒட்டும் அளவுக்குத் தடிக்கும்வரை கிண்டிவிட்டு வாருங்கள். பிரிட்ஜில் 6 மணித்தியாலம்.

பச்சை இஞ்சி சேர்க்கும் ஆசை வேண்டாம். பாலும் திரையும், ஜெலட்டினும் இறுகாது.

சைவக்காரருக்கு ஜெலட்டினுக்குப் பதிலாக, நோன்புக்குக் காய்ச்சும் அதே கடற்பாசி (அகர் அகர்) இருக்கிறது. தூள் என்றால் 2 கிராம். ஆனால் அதைப் பாலில் 2 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கிரீமும் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்தபடி ஊற்றினால் அங்கங்கே திரிதிரியாகக் கட்டிவிடும். வெயிலுக்குச் சரியாது, ஆனால் வாயில் கரையாமல் நறுக்கென்று உடையும். எனக்கு ஜெலட்டின்தான் பிடிக்கும்.

கவிழ்ப்பதென்றால் கிண்ணத்தின் அடியை 5 செக்கன் சுடுநீரில் வைத்தெடுங்கள். மேலே ஒரு கரண்டி கித்துள் பாணி.