குயின் மேரியின் ஏ தளத்தில் ஓர் இரவு

கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில், பாறைகளை அடுக்கிக் கட்டிய கரைக்குள் நின்றுகொண்டிருக்கிறது குயின் மேரி. 1936 மே 27 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் புறப்பட்ட இக்கப்பல், 1967 டிசம்பரில் இங்கு வந்து சேர்ந்தபின் மீண்டும் கடலோடவில்லை. இப்போது எம், ஏ, பி என்ற மூன்று தளங்களில் விடுதி நடக்கிறது. பார்க்க வருகிறவர்களில் பலர் மூன்று சிவப்புப் புகைபோக்கிகளையும் மாலுமி மேடையையும் கண்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இக்கப்பல் எப்படிச் சிந்தித்துக் கட்டப்பட்டது என்பதை அறிய, நான் தங்கிய ஏ தளத்தின் நடைவழியில் ஒருமுறை நடந்தாலே போதும்.

விடுதியின் வரவேற்பு மேசை இத்தளத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து அறைக்குப் போகும்போது முதலில் கால்தான் வித்தியாசத்தை உணர்கிறது, கண் அன்று. தரை மட்டமாக இல்லை. கப்பலின் நடுவே தாழ்ந்தும், முன்முனையையும் பின்முனையையும் நோக்கி மெல்ல உயர்ந்தும் செல்கிறது. எதிர்ப்படும் அலைகள் மேல்தளத்தின்மேல் ஏறிவிடாமலிருக்கக் கப்பலின் உடலுக்குக் கொடுக்கப்பட்ட அந்த வளைவை உள்ளே இருக்கும் தளங்களும் பின்பற்றுகின்றன. ஒரு கோடியில் நின்று பார்த்தால், நடுவில் இறங்கி வரும் உத்தரம் மறுகோடியின் மேற்பகுதியை மறைத்துவிடுகிறது. முந்நூறு மீட்டருக்கும் அதிகமான நீளத்தை எண்ணாகப் படித்தபோது தோன்றாத பிரமிப்பு அங்கே எனக்கு ஏற்பட்டது. சுவரையொட்டி ஓடும் மரக் கைப்பிடிகளுக்கும் காரணம் உண்டு. குயின் மேரி பக்கவாட்டில் பலமாக உருளும் கப்பல் என்று பெயரெடுத்திருந்தது; உருளலைக் குறைக்கும் துடுப்புகள் 1958இல்தான் பொருத்தப்பட்டன.

தளத்தின் அமைப்பைத் தீர்மானித்ததும் கப்பலின் ஆட்டம்தான். கடலில் கப்பல் முன்னும் பின்னுமாக ஊசலாடும்போது, தராசின் முள்ளைப்போல நடுப்பகுதி மிகக் குறைவாகவே அசைகிறது. அந்த இடம் அன்றைய உயர்ந்த வகுப்பான கேபின் வகுப்புக்கு ஒதுக்கப்பட்டது. பின்பகுதி இரண்டாம் நிலையிலிருந்த டூரிஸ்ட் வகுப்புக்குப் போயிற்று. கப்பலை நீரில் தள்ளிச் செலுத்தும் நான்கு உந்திகளும் அதன் அடியில் சுழன்றதால் அதிர்வு மிகுதியாக இருந்தது. ஏறி இறங்கி அலையில் மோதும் முன்பகுதி மூன்றாம் வகுப்புப் பயணிகளுக்குரியது. தொடக்கக் காலத்தில் கேபின் வகுப்பில் 776 பேருக்கும், டூரிஸ்ட் வகுப்பில் 784 பேருக்கும், மூன்றாம் வகுப்பில் 579 பேருக்கும் இடமிருந்தது. அழகான மரத்தையும் மெத்தையையும் விடக் கட்டணத்துக்குக் கிடைத்த பெரிய வசதி அசைவின்மையே என்பது என் கருத்து. இன்று கப்பல் நிலையாக நிற்பதால், ஒரே தளத்தில் கோடிக்குக் கோடி வாழ்க்கை எவ்வளவு மாறுபட்டிருக்கும் என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீண்ட நடைவழியிலிருந்து ஆங்காங்கே குறுகிய கிளை வழிகள் பிரிந்து, கப்பலின் புறச்சுவரை ஒட்டிய அறைகளுக்கு இட்டுச் செல்கின்றன. என் அறை அப்படிப்பட்ட ஒன்று. சுவர் முழுவதும் மெருகேற்றிய மரப் பலகை. இக்கப்பலின் உள்அலங்காரத்துக்கு 50க்கும் மேற்பட்ட வகை மரங்கள் பயன்பட்டன. மரத்தின் ரேகைகள் பலகைக்குப் பலகை தொடர்ந்து பொருந்துமாறு ஒட்டியிருக்கும் கைவேலையை, படுக்கை விளக்கின் வெளிச்சத்தில் விரல் வைத்து நெடுநேரம் தடவிப் பார்த்தேன். வட்டச் சன்னலின் உலோகச் சட்டத்தில் திருகிப் பூட்டும் மறைகள் கனமாக இருந்தன. கண்ணாடிக்கு அப்பால் துறைமுக நீர் சலனமின்றிக் கிடந்தது.

குளியலறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. அக்காலத்துத் தொட்டிகளில் நல்ல தண்ணீருக்குச் சூடு, குளிர்ச்சி என இரண்டு குழாய்களும், கடல் தண்ணீருக்கு அதேபோல் இரண்டு குழாய்களுமாக நான்கு இருந்தன. நல்ல தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய கப்பலில், எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும் கடல்நீரைச் சூடாக்கித் தருவது புத்திசாலித்தனமான ஏற்பாடு. கடல்நீர்க் குளியல் உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் அன்று பரவலாக இருந்தது. கடல்நீர் இப்போது வருவதில்லை. வராத அந்தக் குழாய்களின் பிடிகளை அகற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

இத்தகைய அறைகளில்தான் இரண்டாம் உலகப் போரின்போது அடுக்குக் கட்டில்கள் போடப்பட்டன. சாம்பல் வண்ணம் பூசிக்கொண்டு படைவீரர்களை ஏற்றிச்சென்ற குயின் மேரி, 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேரைச் சுமந்தது. சுமார் இரண்டாயிரம் பயணிகளுக்காகத் திட்டமிட்ட கப்பல் அது. கட்டில் போதாமல் முறைவைத்து உறங்கிய அந்த இளைஞர்களுக்கு நடுப்பகுதி, முன்பகுதி என்ற பேதம் பெரிதாகப் பொருள்பட்டிருக்காது. போர் முடிந்து மீண்டும் சீரமைக்கப்பட்ட கப்பல், 1947இல் பயணிகள் சேவைக்குத் திரும்பியது.

தங்க விரும்புவோர் உட்புற அறையைத் தவிர்த்து, வட்டச் சன்னல் உள்ள வெளிப்புற அறையாகக் கேட்டு வாங்குங்கள். விலைக் குறைவுக்காகச் சன்னலை விட்டுவிட்டால் இக்கப்பலில் தங்குவதன் பாதிப் பயன் போய்விடும். இன்றைய விடுதி அறைகள் பெரும்பாலும் பழைய மேல் வகுப்பு அறைகளிலிருந்தே அமைந்தவை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் நடமாட்டம் ஓய்ந்த பிறகு நடைவழியில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக நடந்து, எந்த இடத்தில் இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்குகிறது என்று காலாலேயே கண்டுபிடியுங்கள். அதற்கு அருகில் அறை கிடைத்தவர்கள்தான் அந்நாளில் அட்லாண்டிக்கைக் கடக்கையில் நன்றாக உறங்கியவர்கள்.